நெஞ்செலும்பைக் கட்டிய கம்பியும் தகடும்: ஒரு தையல்காரியின் ரிவ்யூ

முப்பத்தைந்து வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் நான். ஒரு துணியைக் கையில் எடுத்ததுமே அது எந்த நூலைத் தாங்கும், எங்கே இழுத்தால் விட்டுப்போகும் என்று விரல் சொல்லிவிடும். பைபாஸ் செய்வதற்கு முன்னால் டாக்டர் காகிதத்தில் இதயத்தை வரைந்து, எங்கெல்லாம் அடைப்பு, எங்கெல்லாம் புதுப் பாதை என்று பொறுமையாகக் காட்டினார். ஆனால் நெஞ்சைப் பிளந்த பிறகு அதை எதை வைத்துத் திரும்பச் சேர்ப்பார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் இரண்டு துண்டுகளைச் சேர்ப்பதையே தொழிலாகச் செய்தவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

என் நெஞ்சு இரண்டு தடவை மூடப்பட்டது. முதல் தடவை ஸ்டீல் கம்பி. 24 நாள் கழித்து டைட்டானியம் தகடும் திருகாணியும். இப்போது பதினோரு மாதம் ஆகிறது. இரண்டையும் உடம்புக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன், கூடவே நெஞ்சைத் தாங்கும் வெஸ்ட் ஒன்றையும் மூன்று மாதம் போட்டிருக்கிறேன். இந்த மூன்றையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருத்துவ விஷயமாக நான் சொல்வதெல்லாம் என் டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது, அல்லது என் மகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து எனக்கு விளக்கியது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூலைப் பற்றி மட்டும் சொல்லித் துணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. எனக்கு வயது 61. பதினாறு வருடமாகச் சர்க்கரை. எடை 83 கிலோ. மார்பு கனமான உடல்வாகு. எலும்பின் அடர்த்தி குறைவு என்பது இரண்டாவது அறுவைக்கு அப்புறம்தான் தெரிந்தது. இவை ஒவ்வொன்றும் நெஞ்செலும்பு சரியாகச் சேராமல் போவதற்கான காரணங்களில் ஒன்று. புகைப்பழக்கம், நாள்பட்ட நுரையீரல் நோய், நெஞ்சின் உள்பக்கத் தமனிகள் இரண்டையுமே பைபாஸுக்காக எடுத்துவிடுவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. எனக்கு இடப்பக்கத் தமனி ஒன்றை மட்டும் எடுத்தார்கள், மற்றதற்குக் காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய்.

நெஞ்செலும்பு என்பது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், கழுத்துக்குழியிலிருந்து வயிற்றின் மேல்பக்கம் வரை இறங்கும் தட்டையான எலும்பு. அதை மேலிருந்து கீழ்வரை நட்டநடுவில் மின்ரம்பத்தால் அறுத்து, இரண்டு பக்கமும் விலக்கித்தான் இதயத்துக்குப் போகிறார்கள். இந்த வழியை 1897-இலேயே மில்டன் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இதய அறுவைக்கு அது பரவலானது 1957-இல் ஜூலியன் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவும் திரும்ப எடுத்துச் சொன்ன பிறகு. கையோ காலோ முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். இந்த எலும்பை அப்படி வைக்க வழியே இல்லை. ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை மூச்சு விடுகிறோம், ஒவ்வொரு மூச்சுக்கும் அது அசைகிறது. போதாததற்கு இருமல், தும்மல், படுக்கையில் புரள்வது, எழுந்திருப்பது. ஓயாமல் இழுபடும் துணியில் போட்ட தையல் மாதிரிதான் அது இருந்தாக வேண்டும்.

சரி, கம்பிக்கு வருவோம்.

உலகம் முழுக்கப் பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சை மூடுவது ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பியால்தான். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன். பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டுக் கம்பிகள். எலும்பின் மேல்பகுதியில் எலும்பையே துளைத்துக் கோத்து, கீழே வர வர எலும்பைச் சுற்றி வளைத்து, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி, முறுக்கின மிச்சத்தை வெட்டி உள்பக்கமாக மடித்துவிடுகிறார்கள். எனக்கு ஏழு கம்பி. முதல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது சாக்கு வாயைக் கம்பியால் முறுக்கிக் கட்டிய மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு முடிச்சு வரிசையாக நின்றது. பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. கட்டியவர் கை தேர்ந்த கை. அதை இன்றைக்கும் சொல்வேன்.

கம்பியின் நல்லது என்ன என்றால், விலை மிகக் குறைவு, வேலை சீக்கிரம் முடிந்துவிடும், எல்லா அறுவை மருத்துவருக்கும் பழகியது. அறுவை முடிந்த முதல் சில மணி நேரத்தில் உள்ளே ரத்தக் கசிவு என்று அவசரமாக நெஞ்சைத் திறக்க நேர்ந்தால் ஒரு கட்டரால் படபடவென்று வெட்டிவிடலாம். உடம்பும் அதை ஏற்றுக்கொள்கிறது. எடுக்கத் தேவையில்லை, ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும், எலும்பு ஒழுங்காகச் சேர்ந்துவிடும். என்னோடு ஐ.சி.யூ.வில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருக்கும் அதே கம்பிதான். மூன்றாம் மாதம் பரிசோதனைக்கு வந்தபோது நிமிர்ந்து நடந்து வந்தார்.

குறை எங்கே என்றால், நல்ல கெட்டித் துணியில் மெல்லிய நூல் போட்டு எவ்வளவு இழுத்தாலும் நூல்தான் அறும், துணி நிற்கும். நைந்த துணியில் அதே நூலைப் போட்டால் நூல் அறாது, துணியை அறுத்துக்கொண்டு வெளியே வரும். ஊசி போன துளை மெல்ல மெல்லக் கோடாக நீளும். கம்பி எலும்பைத் தொடும் இடம் ஒரு கோட்டளவுதான், அத்தனை இழுவையும் அந்தக் கோட்டின்மேல்தான் இறங்குகிறது. எலும்பு பலமாக இருந்தால் தாங்கிவிடும். மென்மையாக இருந்தால் ஒவ்வொரு இருமலுக்கும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக எலும்புக்குள் இறங்கும். எனக்கு நடந்தது அதுதான்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். பதின்மூன்றாம் நாள் ராத்திரி, தொண்டையில் சளி கட்டி ஒரு இருமல். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமினேன், சொல்லிக் கொடுத்தபடியே. விரலில் நெட்டி எடுத்தால் கேட்குமே, அப்படி ஒரு சத்தம். காதுக்குக் கேட்டது என்பதைவிட உடம்புக்குள் கேட்டது என்று சொல்ல வேண்டும். வலி பெரிதாக இல்லை. அப்புறம் இடப்பக்கம் திரும்பினால் ஒரு நெட்டி, எழுந்தால் ஒரு நெட்டி. உள்ளங்கையை நெஞ்சின் கீழ்ப்பாதியில் வைத்து மெதுவாக இருமிப் பார்த்தேன். கைக்கு அடியில் இரண்டு ஓரம் ஒன்றோடொன்று உரசுவது தெரிந்தது. தையல் விட்ட இடத்தைத் தடவினால் விரலுக்குத் தெரியாமல் போகுமா?

மறுநாள் காலை மகள் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். எடுத்தவர், அறுவைக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும், கம்பி செட் ஆகும் வரை சத்தம் வரும், பயப்படாதீர்கள், அடுத்த வாரம் பரிசோதனைக்கு வரும்போது பார்க்கலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நாங்களும் நம்பிக் காத்திருந்தோம். ஆறு நாள். இந்த அனுபவத்தில் எனக்கு இன்னமும் ஆறாதது அந்த ஆறு நாள்தான். நடு நெஞ்சில் புதிதாக ஒரு சத்தமோ உரசலோ வந்தால் அதை டாக்டர் கை வைத்துப் பார்க்க வேண்டும், போனில் முடிக்கிற விஷயம் இல்லை அது. அறுவைக்கு அப்புறம் தோளிலும் விலா எலும்பு சேரும் இடத்திலும் சின்னச் சின்ன சத்தங்கள் வருவதுண்டு, அவை அடங்கிவிடும் என்பதும் உண்மை. எது எந்தச் சத்தம் என்று தொட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இருபதாம் நாள் அறுவை மருத்துவர் என் நெஞ்சில் இரண்டு கையையும் தட்டையாக வைத்து, “அம்மா, லேசாக இருமுங்கள்” என்றார். ஒரே ஒரு இருமல். அவர் முகம் மாறியது. உடனே சி.டி. ஸ்கேன். மேலே மூன்று கம்பி அப்படியே இருந்தது. கீழே மூன்று கம்பி இடப்பக்க எலும்பை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. எலும்பின் கீழ்ப்பாதி ஒரு விரல் நுனி நுழையும் அளவுக்கு விலகி நின்றது. நல்ல காலம், சீழ் இல்லை, கிருமித்தொற்று இல்லை. ஆறு நாள் தாமதத்தில் அதுவும் சேர்ந்திருந்தால் இதை எழுதும் நிலையில் இருந்திருப்பேனா என்று தெரியாது. விலகிய எலும்புக்கு உள்ளே கிருமி இறங்குவதுதான் இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சும் சிக்கல்.

இந்தத் தடவை நான் கேட்டேன். என்னென்ன வழி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். டாக்டருக்கு என் தொழில் தெரியும். அரைமணி நேரம் உட்கார்ந்து எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்.

கம்பியையே வேறு மாதிரி போடலாம் என்றார். நேராக வளைக்காமல் எட்டு வடிவில் குறுக்கே மாற்றிப் போடுவது ஒன்று. இன்னொன்று, 1977-இல் ராபிசெக் என்ற அறுவை மருத்துவர் எழுதியது. எலும்பின் இரண்டு ஓரங்களிலும் முதலில் நெட்டாக மேலும் கீழும் ஒரு கம்பியை ஓடவிட்டு, அதற்கு வெளிப்பக்கமாகக் குறுக்குக் கம்பிகளைப் போட்டு முறுக்குவது. கேட்டதும் எனக்கு மனதுக்குள் பளிச்சென்றது. பிசிறு விடும் துணிக்கு ஓரத்தை முதலில் கட்டிவிட்டு அப்புறம் மூட்டுகிறோமே, அதே யோசனை. குறுக்குக் கம்பி இழுத்தால் நெட்டுக் கம்பி தாங்கிக்கொள்ளும், எலும்பு அறுபடாது. அவர் யார் என்று தெரியாது, ஆனால் நல்ல தையல்காரர் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் பட்டைகள். வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டை பார்த்திருப்பீர்கள், ஒரு தடவை இழுத்தால் பின்னுக்கு வராது. அதே அமைப்பில் பீக் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த பட்டை. கம்பியைவிட அகலம் என்பதால் எலும்பில் அழுத்தம் பரவி இறங்கும். நிட்டினால் என்ற உலோகத்தில் செய்த கிளிப்பும் உண்டு. குளிர்ந்திருக்கும்போது விரிக்கலாம், உடம்புச் சூட்டில் தன் பழைய வடிவத்துக்கே திரும்பி எலும்பை இறுக்கிப் பிடிக்கும். அந்த உலோகத்தில் நிக்கல் உண்டு. ஸ்டீல் கம்பியிலும் உண்டு. கவரிங் நகை போட்டால் தோல் வெடித்துப் புண்ணாகிறவர்கள் இதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

கடைசியாகத் தகடு. கை கால் முறிந்தால் எலும்பு மருத்துவர் தகடு வைத்துத் திருகாணி போடுவதைப் போலவே நெஞ்செலும்பின் முன்பக்கத்தில் டைட்டானியம் தகடுகளைக் குறுக்கே வைத்துத் திருகுவது. அமெரிக்காவில் 12 மருத்துவமனைகளில் 236 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கம்பியும் ஒரு பிரிவுக்குத் தகடும் போட்டு ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆறாம் மாதம் எடுத்த சி.டி.யில் தகடு போட்டவர்களுக்கு எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது, நெஞ்செலும்புச் சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவு. மகள் இதைப் படித்துச் சொன்னாள். டாக்டரும் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் எல்லோருக்கும் முதல் தடவையே தகடு போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தகடு கம்பியைவிடப் பல மடங்கு செலவு. என்னைப் போல எலும்பு பலவீனம், சர்க்கரை, எடை எல்லாம் சேர்ந்தவர்களுக்கு முதலிலேயே யோசிக்கலாம் என்றார். அந்த “முதலிலேயே” என்ற வார்த்தையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

24-ஆம் நாள் இரண்டாவது அறுவை. மேலே இருந்த மூன்று நல்ல கம்பியைத் தொடவில்லை. மற்ற நான்கையும் எடுத்துவிட்டு நான்கு தகடு. எக்ஸ்ரேயில் சின்னச் சின்ன ஏணிகளைக் குறுக்கே படுக்க வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் திருகாணிகள். அந்த இடத்தில் எலும்பு எவ்வளவு தடிமன் என்று அளந்து பார்த்து, அதற்கேற்ற நீளத்தில் திருகாணியைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள், பின்பக்கம் குத்திவிடக் கூடாதே. தகட்டின் நடுவில் இருக்கும் பட்டையை அவசரத்துக்கு வெட்டித் திறக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

தகடு போட்ட பிறகு எனக்குத் தெரிந்த வித்தியாசத்தை நேராகச் சொல்கிறேன். இரண்டாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து இருமச் சொன்னபோது உடம்பெல்லாம் பயம். தலையணையை இறுக்கிக்கொண்டு இருமினேன். வலித்தது, ஆனால் நெஞ்சு ஒரே துண்டாக வலித்தது. முதல் தடவை இருமும்போதெல்லாம் உள்ளே ஏதோ திறக்கப்போகிறது என்ற எண்ணம் இருந்துகொண்டே இருந்தது. இப்போது இல்லை. ஆழமாக மூச்சிழுக்க முடிந்தது. மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியில் முதல் அறுவைக்கு அப்புறம் நான்காம் நாள்தான் இரண்டாவது பந்து ஏறியது. இந்தத் தடவை இரண்டாம் நாளே ஏறிவிட்டது. அறுவை சிறியது, இதயத்தைத் தொடவில்லை, அதனாலும் இருக்கலாம். இருந்தாலும் நெஞ்சு அசையாமல் நின்றதுதான் பெரிய காரணம் என்று என் உடம்பு சொல்கிறது.

தகட்டிலும் குறை உண்டு. மெலிந்தவர்களுக்குத் தோலுக்கு அடியில் கைக்குத் தட்டுப்படுமாம். எனக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரு சின்ன மேடு தெரிகிறது, குனிந்து ஏதாவது எடுக்கும்போது லேசாக உறுத்தும். திருகாணி தளர்ந்தாலோ அந்த இடத்தில் தொற்று வந்தாலோ தகட்டை எடுக்க இன்னொரு அறுவை வேண்டியிருக்கும். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாமல் போகுமோ என்று பயந்து டாக்டரிடம் கேட்டேன். கம்பியானாலும் டைட்டானியமானாலும் பொதுவாகத் தடை இல்லை, நெஞ்சுப் பகுதியின் படத்தில் கொஞ்சம் நிழல் விழும், எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார்.

இப்போது வெஸ்ட். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் தொழில்.

இரண்டாவது அறுவை முடிந்து கண் விழித்தபோதே இதை எனக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். முன்பக்கம் நெஞ்செலும்பின் இரண்டு புறமும் நெட்டாக இரண்டு திண்டு, தோளுக்கு மேலே இரண்டு பட்டை, முன்னால் வெல்க்ரோ மூடல், அதன்மேல் கையில் பிடிக்க இரண்டு பிடி. இருமல் வரும்போது இரண்டு பிடியையும் பிடித்து உள்நோக்கி அழுத்த வேண்டும். தலையணை தேடி ஓட வேண்டியதில்லை, பிடி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ராத்திரி திடீரென்று தும்மல் வரும்போது இதன் அருமை தெரியும். இந்த மாதிரி வெஸ்ட்டில் போஸ்ட்தோராக்ஸ் என்ற ஒன்றை வைத்து 1,560 நோயாளிகளிடம் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டிருக்கிறார்கள். போட்டவர்களுக்கு நெஞ்செலும்புச் சிக்கல் குறைந்திருக்கிறது. நான் போட்டது வேறு கம்பெனி, அமைப்பு கிட்டத்தட்ட அதுவேதான். வயிற்றுக்குப் போடும் எலாஸ்டிக் பெல்ட்டை எடுத்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக்கொள்ளக் கூடாது. அது மூச்சையே இறுக்கிவிடும். பிசியோதெரபிஸ்ட் இதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

தையல் எப்படி என்று பார்த்தால், திண்டு தைத்த விதம் முதல் தரம். இரட்டைத் தையல், ஓரம் உள்ளே மடித்து மூடியது, பிசிறே இல்லை. நாற்பது தடவைக்கு மேல் துவைத்தும் பிரியவில்லை. அக்குளில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். பக்கத்து மூட்டலை நேராக அக்குளுக்கு அடியில் கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள், அங்கேதான் வியர்வை, அங்கேதான் கை உரசல். நான்காம் நாளே தோல் சிவந்துவிட்டது. மூட்டலை இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டு அந்த இடத்தில் பழைய மல் துணியை நான்காக மடித்து உள்பக்கம் வைத்துக்கொண்டேன். வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கத்து நுனி ஒன்றும் காயத்தின் மேல்முனையில் உரசியது. அதற்கும் துணிதான் மருந்து.

அதைவிடப் பெரிய குறை, இதை வடிவமைத்தவர்கள் பெண் உடம்பை மனதில் வைக்கவில்லை. அளவு அட்டையில் மார்புச் சுற்றளவு ஒன்றுதான் கேட்கிறார்கள். என் அளவுக்குச் சொன்ன சைஸைப் போட்டால் திண்டு இரண்டும் மார்பின்மேல் ஏறி நின்றதே தவிர எலும்பின் ஓரத்தில் உட்காரவில்லை. ஒரு ஜாக்கெட் தைக்கவே மேல்மார்பு, மார்பு, கீழ்மார்பு என்று மூன்று இடத்தில் அளவெடுக்கிறோம். நெஞ்சைப் பிளந்து மூடியவர்களுக்குப் போடும் உடுப்புக்கு ஒரே அளவா? கனமான மார்பு இரண்டு பக்கமும் சரிந்து புதுக் காயத்தை ஓயாமல் விலக்கி இழுக்கிறது. படுத்தால் இன்னும் மோசம். முதல் அறுவைக்கு அப்புறம் எனக்கு உள்ளாடையே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இருபது நாளும் அந்த எடை முழுவதும் எதன்மேல் தொங்கியது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் தடவை டாக்டரே சொன்னார், முன்பக்கம் திறக்கும், அடியில் கம்பி வைக்காத, பருத்தித் துணி உள்ளாடையை ராத்திரியும் பகலும் போடுங்கள் என்று. வெஸ்ட்டை அதற்குமேல் ஒரு சைஸ் பெரியதாக மாற்றி வாங்கி, திண்டு சரியான இடத்தில் உட்கார்ந்தபோது நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. பெண்களே, இதை மட்டும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

இனி வீட்டில் கழிந்த நாட்கள். எலும்பு ஒட்டப் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம், முழு பலம் வர மூன்று மாதமோ அதற்கு மேலோ. ஆரம்ப வாரங்களில் இரண்டிலிருந்து நான்கு கிலோவுக்கு மேல் தூக்காதே என்கிறார்கள், இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறுகிறது. கையை ஊன்றி எழாதே, வண்டி ஓட்டாதே, தலைக்கு மேல் கையைத் தூக்காதே என்று முதல் தடவை கொடுத்த காகிதம் முழுக்கக் கூடாது, கூடாது என்றே இருந்தது. அதைப் படித்துக் கையை அசைக்கவே பயந்து, தோள் இறுகிப்போனது.

இரண்டாம் தடவை வந்த பிசியோதெரபிஸ்ட் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார். 2016-இல் வெளியான ஒரு கட்டுரையில் வந்த முறையாம். உங்கள் உடம்பைச் சுற்றி ஒரு குழாய் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், முழங்கை இரண்டும் விலாவை ஒட்டி அந்தக் குழாய்க்குள்ளேயே இருக்கட்டும், அப்படி இருக்கும்வரை வலி விடுகிற அளவுக்கு வேலை செய்யலாம் என்றார். கை வெளியே நீண்டால்தான் நெஞ்செலும்பில் இழுவை விழும். எனக்கு இது நொடியில் புரிந்தது. மெஷினில் உட்கார்ந்து தைக்கும்போது முழங்கை விலாவோடுதான் இருக்கிறது. மேசை முழுக்கத் துணியை விரித்து எட்டி வெட்டும்போது இல்லை. ஆகவே தைக்கலாம், வெட்டக் கூடாது. நாற்காலியிலிருந்து எழுவதற்கும் அவரே பழக்கினார். முதலில் நுனிக்கு நகர்ந்து வா, பாதத்தைப் பின்னுக்கு இழு, கையை நெஞ்சோடு கட்டிக்கொள், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய், தொடையால் எழு. இருபது தடவை செய்ததும் வந்துவிட்டது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனது. ஊசியைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதய நோயில் வராத அழுகை எனக்கு அதில் வந்தது. நெஞ்சை விரித்துப் பிடிக்கும் கருவி தோள்பட்டைக்கு அடியில் போகும் நரம்புக் கட்டை இழுத்துவிடுவதால் சிலருக்கு இப்படி ஆகுமாம், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுமாம். எனக்குப் பத்து வாரம் ஆனது. இடது மார்பின் மேல்பக்கம் மரத்தது மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது உள்தமனியை எடுத்த இடம்.

சர்க்கரையை இந்தக் காலத்தில் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். அறுவை முடிந்த நாட்களில் 180-க்கு மேல் ஏறவிடாமல் வைத்தார்கள், காயத்தில் தொற்று வராமல் இருக்க அதுதான் பெரிய காவல் என்றார் டாக்டர். காய்ச்சல், காயத்தில் சிவப்பு, கசிவு, வலி குறைந்து வந்தது திரும்ப ஏறுவது, அந்த நெட்டிச் சத்தம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நேரில் போங்கள். போனில் சமாதானம் சொன்னாலும் போங்கள்.

மதிப்பெண் கேட்பீர்கள். கம்பிக்குப் பொதுவாக 10-க்கு 8 தருவேன், என் எலும்புக்கு 3. தகட்டுக்கு என் எலும்பில் 9. வெஸ்ட்டின் யோசனைக்கு 9, அளவுக்கும் அக்குள் மூட்டலுக்கும் 4. நெஞ்சைத் திறந்து அறுவைக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “டாக்டர், என் எலும்பை எதை வைத்து மூடப்போகிறீர்கள்? என் வயதுக்கும் சர்க்கரைக்கும் எடைக்கும் அது போதுமா?” எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் சேர்த்துக் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆறாம் மாத சி.டி.யில் நடுக்கோடு முக்கால்வாசி மறைந்திருந்தது. டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மேலே என் பழைய மூன்று கம்பி, கீழே நான்கு ஏணி, இடையில் புது எலும்பு பாவியிருந்தது. கீழ்நுனியில் மட்டும் கொஞ்சம் இடைவெளி தெரிகிறது, அடுத்த மாதம் திரும்பப் பார்க்கிறார்கள். போன வாரம் மேசையில் துணியை முழுசாக விரித்து, கையை நீட்டி, ஒரே வீச்சில் இரண்டு மீட்டர் வெட்டினேன். நெஞ்சில் கை வைத்து இருமிப் பார்த்தேன். சத்தம் இல்லை.